உடையாமல் தப்பிய கோல்கள்

நவம்பர் 10, திங்கள் – மிலான்

அலுவலக வேலை சனிக்கிழமையே முடிந்துவிட்டது. திரும்பும் விமானம் வெள்ளி இரவு. நடுவில் கிடைத்த நாட்களை என்ன செய்வது என்று கேட்டதற்கு வெனிஸ், ரோம் என்று ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள். சினிமாப் பாடல் பதிவுகளில் வயலின் வாசிக்கும் நண்பன் மட்டும், "பார்மாவுக்குப் போ. டோஸ்கனினி பிறந்த வீடு அங்கே இருக்கிறது. அவர் பிடித்த கோலை நல்ல படமாக ஒன்று எடுத்து அனுப்பு. வேறெதுவும் வேண்டாம்" என்றான். அவன் இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சரி என்றேன்.

ஆர்ட்டுரோ டோஸ்கனினி இசைக்குழு நடத்துநர்; கையில் சிறு கோலை அசைத்து வாத்தியக்காரர்களை வழிநடத்துபவர். தமிழில் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவரும் நடத்துநர்தான் என்பதால், தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா, "செத்துப்போன கண்டக்டர் வீட்டுக்கு நீ எதற்குப் போகிறாய்?" என்று கேட்டார். பதில் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. சமாதானம் ஆனாரா என்று தெரியவில்லை.

காலையிலிருந்து மழை. பெரிய மழை இல்லை. மாவு சலித்ததுபோல விடாமல் பெய்கிற மழை. சுரங்க ரயில் படியேறி வெளியே வந்ததும் குடை விற்பவர் எதிரே நின்றார். பத்து யூரோ என்றார். நான் தயங்கியதும் "இந்தியாவா?" என்று கேட்டு, தான் வங்கதேசம் என்று சொல்லி, ஐந்துக்குக் கொடுத்தார். பச்சை நிறம். மறுநாளிலிருந்து அந்தக் குடை எனக்குக் கொடுத்த தொல்லையைப் பார்த்தால், ஐந்து யூரோவும் அதிகம்தான்.

லா ஸ்காலா இசைநாடக அரங்கை வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பழைய பதிவாளர் அலுவலகம் போல இருக்கிறது. அதையொட்டிய அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கினால் பார்வையாளர் மாடத்திலிருந்து உள்ளே எட்டிப் பார்க்கலாம். எட்டிப் பார்த்த பிறகுதான் மூச்சு நின்றது. சிவப்பு வெல்வெட்டும் பொன்பூச்சுமாக, அடுக்கடுக்காக மாடங்கள். 1778இல் திறந்த அரங்கு. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து கூரை போனது. திரும்பக் கட்டி 1946 மே 11 அன்று திறந்தபோது கச்சேரியை நடத்த அமெரிக்காவிலிருந்து டோஸ்கனினி வந்தார். அப்போது அவருக்கு 79 வயது.

இதே அரங்கில் இளைஞராக இருந்தபோது அவர் ரசிகர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். கச்சேரி நடக்கும்போது அரங்கின் விளக்குகளை அணைக்கச் சொன்னார். பிடித்த பாட்டைத் திரும்பப் பாடச் சொல்லிக் கூட்டம் கத்துவதை அவர் ஏற்கவே இல்லை. 1903இல் அந்தச் சண்டையிலேயே வேலையை விட்டுவிட்டுப் போனார். 'ஒன்ஸ்மோர்' கேட்டு வளர்ந்த நாட்டிலிருந்து வந்தவன் நான். அந்த மாடத்தில் நின்றபோது லேசாகக் குற்ற உணர்ச்சி ஏற்பட்டது.

நவம்பர் 11, செவ்வாய் – ரயிலில், பிறகு பார்மா

மிலானிலிருந்து பார்மா ஒன்றரை மணி நேரப் பயணம். எனக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. அறிவிப்புப் பலகையில் என் ரயிலுக்கு எதிரே 'சொப்ரெஸ்ஸோ' என்று வந்தது. காபிக்கு ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிடம் நிம்மதியாக நின்றேன். ரத்து என்று அர்த்தமாம். அடுத்த ரயிலில் கால் வைக்க இடம் இல்லை. பியாசென்சா தாண்டியதும் அதுவும் வயல் நடுவே நின்றுவிட்டது. வெளியே பனிமூட்டம். ஜன்னலுக்கு வெளியே ஒரே ஒரு மரம். அதற்கப்பால் உலகமே இல்லை.

பக்கத்தில் நின்ற பெரியவர் கோட்டுப் பையிலிருந்து கமலா ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரித்து, பாதியை எனக்கு நீட்டினார். கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை, நீட்டினார், அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்ததும் தோலுக்காகக் கையை நீட்டி வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். ரயில் ஏன் நிற்கிறது என்று கையால் கேட்டேன். விரல் நுனிகள் ஐந்தையும் குவித்து மேலும் கீழும் இரண்டு முறை ஆட்டினார். யாருக்குத் தெரியும் என்பதோ, இது என்ன கேள்வி என்பதோ, இரண்டில் ஒன்று. இந்த நாட்டில் எல்லோருமே கையால் எதையாவது நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

நின்ற ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு, 1946இல் அவர் நடத்தி வானொலியில் ஒலிபரப்பான 'லா போயெம்' பதிவைக் கேட்டேன். 1896 பிப்ரவரி 1 அன்று துரின் நகரில் அந்த இசைநாடகம் முதன்முதலாக அரங்கேறியபோது நடத்தியவரும் அவரே. ஐம்பது வருடம் கழித்து நியூயார்க்கில் மறுபடியும் நடத்துகிறார். கூர்ந்து கேட்டால் பாடகர்களுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்கிறது. கரகரத்த, சுருதி சேராத முனகல். கிழவர் தன்னை மறந்து கூடவே பாடுகிறார்! அதைக் கேட்டதும் நின்றுபோன ரயில் மேல் இருந்த கோபம் எனக்குப் பாதி போய்விட்டது.

பார்மா சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி தாண்டியிருந்தது. மஞ்சள் சுவர்கள், ஈரக் கல் தெரு, மணி அடிக்காமல் பின்னாலிருந்து வந்துவிடுகிற சைக்கிள்கள். அறையில் பையைப் போட்டுப் படுத்தவன் எழுந்தபோது இருட்டிவிட்டது. அருங்காட்சியகம் நாளைக்குத்தான்.

இரவுச் சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டும். பன்றித் தொடையை உப்பிட்டு மாதக்கணக்கில் உலர்த்துவதற்கே பேர்போன ஊரில் சைவ உணவுக்காரன் என்ன செய்வான்? 'தோர்த்தெல்லி தெர்பெத்தா' இருக்கிறது என்றார் பரிமாறியவர்: ரிகோத்தா பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்து மூடிய மாவுத் துண்டுகள், வெண்ணெயில் மிதக்க, மேலே பார்மிஜானோ பாலாடைக்கட்டித் துருவல். ஆனால் பார்மிஜானோவுக்குப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். நாம் பாலுக்குப் புரை ஊற்றுவதுபோல அவர்கள் அதை ஊற்றுகிறார்கள். இது தெரிந்த பிறகு சாப்பிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பசி யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் வெண்ணெயை அவ்வளவு மரியாதையாக யாரும் நடத்திப் பார்த்ததில்லை.

பில் பதினாறு யூரோ. அதில் இரண்டரை யூரோ உட்கார்ந்ததற்கு. இலை போட்டதற்குத் தனிக் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடையில் ரொட்டியும், காகித உறையில் நான்கு நான்காக கிரிசீனி என்ற மொறுமொறு ரொட்டிக் குச்சிகளும் இருந்தன. பக்கத்து மேசைப் பையன் கிரிசீனியை வைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்து வீசினான். மூன்றாவது வீச்சில் அது முறிந்து அப்பாவின் சூப்பில் விழுந்தது. காசு கொடுத்தாயிற்றே என்று நான் ஓர் உறையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 12, புதன் – பார்மா

திறக்கும் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டேன். பார்மா ஆற்றைத் தாண்டினால் 'ஓல்த்ரெதொரெந்தே'. நம் பாஷையில் 'அக்கரை'. ஏழைகளின் பக்கம். 1922 ஆகஸ்டில் பாசிஸ்டுத் தலைவர் இத்தாலோ பால்போ ஆயிரக்கணக்கான கருஞ்சட்டையினரோடு வந்தபோது, இந்தத் தெருக்காரர்கள் மரச்சாமான்களையும் கற்களையும் குவித்துத் தடுப்புப் போட்டு, உள்ளே விடாமல் நின்றார்கள். வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. இன்று காலை அங்கே ஒரு கிழவி நாயைத் திட்டிக்கொண்டிருந்தார், ஒருவர் கடைக் கதவை உயர்த்திக்கொண்டிருந்தார், நான் பச்சைக் குடையோடு போராடிக்கொண்டிருந்தேன். அதன் ஒரு கம்பி நேற்றே வளைந்துவிட்டது.

போர்கோ ரொதோல்ஃபோ தான்ட்சி என்ற ஒடுங்கிய தெருவில் அந்த வீடு. 1867 மார்ச் 25 அன்று அவர் பிறந்தது இங்கேதான். அப்பா கிளவுதியோ தையல்காரர், இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டியின் படையில் சண்டைக்குப் போனவர். சின்ன அறைகள், புகைப்படங்கள், கடிதங்கள். நுழைவில் இருந்த அம்மையாருக்கு அறுபது வயது இருக்கும். கம்பளிச் சால்வை போர்த்தி, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். குடையை வாங்கிப் பார்த்து "பாவம்" என்பதுபோல நாக்கைச் சப்புக்கொட்டி, வாளியில் வைத்தார்.

கோல்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன.

முதலில் ஏமாற்றம்தான், மறைப்பானேன். வெளிறிய மரக் குச்சி. ஒரு முனை பின்னல் ஊசி போல மெலிந்து போகிறது. மறுமுனையில் பிடி. இதற்கா ஐந்து மணி நேரம் ரயிலில் நின்றேன் என்று தோன்றியது. பிறகு கண் பழகியது. குச்சியின் மேல்பகுதி வெளிறியே இருக்க, பிடியை ஒட்டிய இடம் மட்டும் மங்கிப் பழுப்பேறியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய கரண்டிக் காம்பில் இருக்குமே, அந்த நிறம். கட்டை விரல் உட்காரும் இடம் அது. வேர்வை அந்த நிறத்தை உண்டாக்க எத்தனை ஒத்திகை வேண்டும் என்று யோசித்துக்கொண்டே குனிந்து நின்றேன்.

அந்த அம்மையார் பின்னால் வந்து நின்றார். இசைக் கலைஞரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, சிறுவயதில் நான்கு வருடம் மிருதங்கம் கற்று விட்டுவிட்டவன் என்பதை விளக்க வார்த்தை போதாமல், ஜன்னல் திண்ணையில் 'தத் தித் தொம் நம்' வாசித்துக் காட்டினேன். அவர் உடனே தன் மேசைக்குப் போய் ஒரு பென்சிலை எடுத்து வந்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கும் நடுவில் வைத்து, அடிமுனையை உள்ளங்கையில் புதைத்துக் காட்டினார். மற்ற விரல்கள் சும்மா சுற்றி நின்றால் போதும், இறுக்கக் கூடாது. கோலில் பிடியின் குமிழ் உள்ளங்கைக் குழிவில் உட்காரும். எடை நிற்கும் புள்ளி பிடிக்குச் சற்று மேலேயே இருப்பதால் நுனி எடையில்லாமல் மிதக்கும். நீளமாக இருந்தாலும் மணிக்கட்டு சோராதது அதனால்தான். என்னிடம் பென்சிலைக் கொடுத்தார். நான் வீசியதைப் பார்த்துவிட்டுக் கோழியை விரட்டுவதுபோல இருக்கிறது என்று அபிநயம் பிடித்தார். சரியான விமரிசனம்.

அந்தப் பென்சிலோடு நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது: இது சத்தமே போடாத கருவி. தங்கையின் நடன வகுப்பில் வாத்தியாரின் தட்டுக்கழி கட்டையில் விழுகிற ஓசை தெருக்கோடிவரை கேட்கும். தாளம் என்றால் எனக்கு அதுதான். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது. பதினான்காம் லூயியின் அரசவையில் இசை நடத்திய லுல்லி, ஃபிளாரன்சில் பிறந்த இத்தாலியர், பெரிய தடியால் தரையைத் தட்டித் தாளம் போடுவார். மன்னர் நோயிலிருந்து மீண்டதைக் கொண்டாடிய கச்சேரியில் தடி காலில் இறங்கியது. புண் அழுகி 1687இல் இறந்துபோனார். அதற்குப் பின் தடி மெலிந்து குச்சியாகி, தரையை விட்டு மேலே எழும்பி, வாயை மூடிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இந்தக் குச்சி எங்கும் பரவியது.

டோஸ்கனினி அந்தக் குச்சியை முதன்முதலில் பிடித்தது 19 வயதில், 1886இல், ரியோ டி ஜெனிரோவில். இத்தாலியக் குழு ஒன்றில் அவர் செல்லோ வாசிப்பவர். நடத்துநர்களோடு தகராறு, கூட்டம் கூச்சல் போடுகிறது, 'ஐதா' இசைநாடகம் நடக்குமா நடக்காதா என்று தெரியவில்லை. யாரோ இந்தப் பையனை மேடையில் ஏற்றினார்கள். இசைக்குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு முழு நாடகத்தையும் நினைவிலிருந்தே நடத்தினார். பிற்காலத்திலும் அப்படித்தான். அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை, தள்ளி இருப்பது தெரியாது; மேசையில் விரித்த புத்தகமும் தெரியாது. தெரியாததால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார்.

"நிறைய உடைத்தார், இல்லையா?" என்று கேட்டேன். அம்மையார் என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை உயர்த்தி, முறிப்பதாக நடித்தார். பிறகு பத்து விரலையும் விரித்து, மூடி, விரித்து, மூடிக் காட்டினார். ஒத்திகையில் ஒரு சுரம் பிசகினால் போதும், குச்சி முறியும். குச்சி முறியாவிட்டால் கைக்குட்டை கிழியும். கைக்கடிகாரத்தைத் தரையில் அடித்து நொறுக்கியபின், இசைக் கலைஞர்களே உடைப்பதற்கென்று மலிவான கடிகாரங்களை வாங்கிக் கொடுத்தார்களாம். அமெரிக்க வானொலி நிறுவனமான என்பிசியின் இசைக்குழுவோடு அவர் நடத்திய ஒத்திகைகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கத்தலைக் கேட்டால் நம் காதுக்கே பயமாக இருக்கும்.

அப்படியானால் இந்தக் கண்ணாடிக்குள் இருப்பவை எவை? கோபம் வராத நாட்களில் கையில் இருந்தவை. அல்லது கோபம் வந்தும் எட்டாத இடத்தில் கிடந்தவை. அவர் தன் வேலையை உயிரைக் கொடுத்துச் செய்த நாட்களின் குச்சிகள் துண்டு துண்டாகக் குப்பைக்குப் போயிருக்கும். நாம் வரிசையில் நின்று பார்ப்பது அவருடைய நல்ல மனநிலையின் மிச்சம். இதை அந்த அம்மையாரிடம் சொல்ல ஆங்கிலம் எனக்கும் போதவில்லை, அவருக்கும் போதவில்லை. விட்டுவிட்டேன்.

படம் எடுத்தேன். பதினேழு முறை. பதினேழிலும் கண்ணாடியில் என் முகம். ஒன்றில் மட்டும் குச்சி தெரிகிறது, என் மூக்கின் குறுக்கே. அதையே நண்பனுக்கு அனுப்பினேன். "கோல் நன்றாக இருக்கிறது, பின்னணி மோசம்" என்று பதில் வந்தது.

நவம்பர் 13, வியாழன் – போலோன்யா, போய் வர

ரயில் நேரத்துக்கு வந்தது. எழுத ஒன்றும் இல்லை. இறங்கும்போது குடையை அதிலேயே விட்டுவிட்டேன். மறந்தேனா, கைவிட்டேனா என்று என்னிடம் கேட்காதீர்கள். இந்த ஊருக்குக் குடை தேவையும் இல்லை. தெருவோரம் முழுக்கத் தூண் வைத்த தாழ்வாரங்கள். மொத்தம் 62 கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்கிறார்கள். நனையாமல் ஊர் முழுக்கச் சுற்றலாம்.

நான் வந்தது கொமுனாலே அரங்கின் வாசலில் ஐந்து நிமிடம் நிற்க. 1931 மே 14 அன்று இங்கே கச்சேரி நடத்த வந்த டோஸ்கனினியிடம் பாசிஸ்டுகளின் கீதத்தையும் அரச கீதத்தையும் முதலில் வாசிக்கச் சொன்னார்கள். முடியாது என்றார். வாசலிலேயே சூழ்ந்துகொண்டு கன்னத்தில் அறைந்தார்கள். அப்போது அவருக்கு 64 வயது, உலகறிந்தவர். இத்தனைக்கும் 1919 தேர்தலில் முசோலினியின் பட்டியலிலேயே நின்று தோற்றவர் அவர்; மனிதர் மாறிவிட்டிருந்தார். அறை வாங்கிய பிறகு, போர் முடியும்வரை இத்தாலியில் அவர் கோலைத் தூக்கவில்லை. ஊருக்கெல்லாம் கோபப்பட்டு உடைத்தவர், இந்த ஒரு விஷயத்தில் உடைக்காமல் கீழே வைத்துவிட்டார்.

சதுக்கத்தில் மாணவர்கள் தரையில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு கப்புச்சினோ கேட்டேன். காபிக் கடைக்காரர் என்னை ஒரு கணம் பார்த்தார். சாப்பாட்டுக்குப் பிறகு பால் காபி குடிப்பது அவர்களுக்கு விசித்திரம். ஆனாலும் மறுக்காமல் போட்டுக்கொடுத்து, "காலை வணக்கம்" என்று சொல்லித் தள்ளினார். கிண்டலுக்குத் தனிக் காசு வாங்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி – மிலான்

விமானத்துக்கு முன் ஒரு பகல் மிச்சம். மூக்கு ஒழுகுகிறது. பனியில் குடையில்லாமல் திரிந்ததற்குக் கூலி. மருந்துக் கடையில் மாத்திரைக்கு எட்டு யூரோ. தும்மினால் "சலூத்தே" என்கிறார்கள், முன்பின் தெரியாதவர்கள்கூட. இன்று எண்ணிப் பார்த்ததில் ஒன்பது வாழ்த்து சேர்ந்தது.

மொனுமென்தாலே இடுகாடு ஊருக்குள் இன்னொரு ஊர் மாதிரி. 1866இல் திறந்தது. பணக்காரக் குடும்பங்கள் வாழ்ந்த வீட்டைவிடப் பெரிதாகக் கல்லறை கட்டியிருக்கிறார்கள். டோஸ்கனினி குடும்பத்தின் கல்லறையைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அது அவருக்காகக் கட்டியதே இல்லை. 1901இல் புவெனோஸ் ஐரெஸ் பயணத்தில் அவருடைய சின்ன மகன் ஜோர்ஜோ தொண்டை அடைப்பான் கண்டு இறந்துபோனான். அந்தக் குழந்தைக்காகச் சிற்பி பிஸ்தோல்ஃபி செய்தது. 1957 ஜனவரி 16 அன்று நியூயார்க்கில் இறந்த அப்பா, அரை நூற்றாண்டு கழித்து மகனிடம் வந்து சேர்ந்திருக்கிறார்.

ஒரு பெஞ்சைத் துடைத்து உட்கார்ந்தேன். அவருடைய கடைசிக் கச்சேரி 1954 ஏப்ரல் 4, நியூயார்க்கின் கார்னகி ஹால், முழுக்க ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை. 87 வயது. எதையும் மறக்காதவர் அன்று நடுவில் நினைவு தடுமாறி நின்றார். ஒலிபரப்பைச் சிறிது நேரம் நிறுத்தினார்கள். மீண்டும் தொடங்கி முடிக்கும்போது கோல் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது என்று அன்றைய இரவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

காவலர் தூரத்திலிருந்து கையை மேலே தூக்கி வட்டமாகச் சுழற்றினார். மூடும் நேரம் ஆகிவிட்டது போலும். பசித்தது. கைக்குட்டைக்காகக் கோட்டுப் பையில் கைவிட்டபோது செவ்வாய்க்கிழமை போட்ட காகித உறை அகப்பட்டது. ரயில் நெரிசல், படுக்கை, மழை எல்லாவற்றையும் அது என்னோடு பட்டிருந்தது. பிரித்தேன். நான்கில் மூன்று பொடி. ஒரு கிரிசீனி மட்டும் முழுதாக இருந்தது. வாசலை நோக்கி நடந்துகொண்டே அதைத்தான் முதலில் தின்றேன்.